உள்ளே நெருப்பு

“எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க! ‘என்’னா உள்ளே! ‘எர்ஜி’ன்னா நெருப்பு! எனர்ஜின்னா உள்ளே இருக்கிற நெருப்பு!”

கூடம் முழுக்கச் சொன்னது. கையை உயர்த்தி, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து சொன்னது. பொருத்தும் பிரிவு, விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு, வாசல் காவலர் வரைக்கும் வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கத்தினார்கள். ஒரே ஒரு வாய் மட்டும் திறக்கவில்லை. அது பாய்லருடைய வாய்.

பாய்லர் என்பது அவருடைய தாயும் தகப்பனும் வைத்த பெயர் இல்லை. வீடுகளுக்குப் போகிற கரண்டு மீட்டர்களைச் செய்யும் அந்தக் கம்பெனியில், ஒவ்வொரு மீட்டரும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து முத்திரை வைப்பது அவர் வேலை. ஒரு மீட்டர் மயிரிழை கூடுதலாக ஓடினாலும் அதைத் தூக்கிக்கொண்டு பொருத்தும் பிரிவுக்கு நேரே போவார். அங்கே அவர் போடுகிற சத்தத்தில் மேஜையிலிருக்கும் திருகாணிகள் குதிக்கும். அப்படி வந்த பெயர் அது. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அது தெரிந்ததிலும் ஒரு கோபம்.

இன்றைக்கு அவருடைய காது காலையிலேயே சிவந்துவிட்டது. வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் ஒருவேளை விட்டிருப்பார். இந்தச் சொல்லை விட முடியாது. போன மாதம்தான் அவர் மகள் பள்ளிக்கூடத்தில் ‘எனர்ஜி என்ற சொல்லின் கதை’ என்று ஒரு பேச்சுப் போட்டி. அதற்காக அவர் நூலகத்தில் தவமாய்க் கிடந்து அகராதி அகராதியாகப் புரட்டினார். மகளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு கொடுக்காத நடுவர்களோடு அவர் போட்ட சண்டைக்கு அப்புறம், பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா மட்டும் வந்தால் போதும் என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டது.

“ஒரு குரல் குறையுதே!” என்றார் கம்பெனிக்கு ஊக்கப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பயிற்சியாளர், காதில் கைவைத்து. கன்னத்தோரம் ஒட்டிய மைக்கும் வெள்ளை ஷூவும் அணையாத சிரிப்புமாக வட்டத்தின் நடுவே நின்றார். “நண்பரே, நீங்க சொல்லலையா?”

பாய்லர் எழுந்தார். “அது தப்பு சார்.”

“சூப்பர்! எழுந்து நின்னதுக்கே ஒரு கைதட்டல் கொடுங்க!”

கைதட்டினார்கள்.

“கைதட்டல் எல்லாம் வேண்டாம். ‘எர்ஜி’ன்னு ஒரு சொல்லே கிடையாது. இது கிரேக்கத்துலேர்ந்து வந்தது. அங்க ‘எனர்கெயா’. ‘என்’னா உள்ளே, அது சரி. ‘எர்கான்’னா வேலை. வேலைக்குள்ள இருக்கறது, செயல்ல இருக்கறதுன்னு அர்த்தம். நெருப்புக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“ஓகோ!”

“என்ன ஓகோ? அங்கேர்ந்து லத்தீனுக்குப் போச்சு, பிரெஞ்சுக்குப் போச்சு, அப்புறம்தான் இங்கிலீஷ். அங்கேயும் முதல்ல பேச்சுல, எழுத்துல இருக்கிற வேகத்தைத்தான் அப்படிச் சொன்னாங்க. நிலக்கரி, கரண்டு எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த கதை.”

பயிற்சியாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சிரிப்பு ஒரு அங்குலம் அகன்றது. “நண்பர்களே, நெகட்டிவ் எனர்ஜின்னு சொன்னேன் இல்லையா? இதான்.”

“எனர்ஜியே தப்பு, அதுல நெகட்டிவ் வேறயா?” என்று கத்தினார் பாய்லர்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. அது ஆமாஞ்சாமியின் கை. அவரும் மீட்டர் சோதிப்பவர்தான். முதலாளி தும்மினால்கூட “ஆமாம் சார்” என்று சொல்லக்கூடியவர்.

“உட்காரு. முதலாளி பின்னாடி இருக்கார்,” என்று பல்லைக் காட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

முதலாளி கடைசி வரிசையில் ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு உட்கார்ந்திருந்தார். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்தது யார் என்று முதலாளி நாளைக்கு அறிவிக்கப்போகிறார். பாய்லர் அல்லது ஆமாஞ்சாமி என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. பாய்லர் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர வாய் உட்காரவில்லை.

“எர்கான்னா வேலை,” என்றார்.

“சரி, இவரை நாம குணப்படுத்தலாமா?” என்றார் பயிற்சியாளர்.

பாய்லரின் நாற்காலியை அவரோடு சேர்த்துத் தூக்கி வட்டத்துக்கு நடுவே வைத்தார்கள். எல்லாரும் எழுந்து உள்ளங்கையை அவர் பக்கமாக நீட்டி நின்றார்கள். நல்ல எனர்ஜி கையிலிருந்து கிளம்பி அவருக்குள் போகிறதாம். அவர் இத்தனை நாளாகத் திட்டித் திருப்பி அனுப்பிய மீட்டர்களுக்கெல்லாம் பொறுப்பானவர்கள் முதல் ஆட்களாக வந்து கையை நீட்டினார்கள். வாசல் காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு கையை மட்டும் நீட்டினார்.

“ஏதாவது உணர்றீங்களா?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“ஒவ்வொருத்தர் கையையும் முறிச்சுப் போடணும்னு தோணுது.”

“பாருங்க, வெளிய வருது! நெருப்பு வெளிய வருது!”

கூடம் கைதட்டியது. பாய்லருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இனி பேசிப் பயனில்லை, ஆதாரம் வேண்டும் என்று முடிவு செய்தார். கைபேசிகளையெல்லாம் காலையிலேயே வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனால் மேனேஜர் அம்மா அறையில், கண்ணாடி அலமாரிக்குள், தடித்த அகராதி ஒன்று இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். தேநீர் இடைவேளை விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூசியைத் தட்டி, பயிற்சியாளரின் முகத்துக்கு முன்னால் விரித்த பிறகுதான் தெரிந்தது, அது தமிழுக்குத் தமிழ் அகராதி. அதில் எனர்ஜியும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

கூட்டம் வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டது. பின்வாங்க முடியாது.

“சரி, தமிழ்லயே பார்ப்போம். எனர்ஜிக்குத் தமிழ்ல என்ன? ஆற்றல். ஆற்றல் எதுலேர்ந்து வந்தது? ஆற்று. ஆற்றுன்னா என்ன? இதோ போட்டிருக்கு, ‘செய்’. பணியாற்று, கடமையாற்று, தொண்டாற்று. அங்கேயும் வேலை, இங்கேயும் வேலை! எங்கேயோ இருக்கிற ரெண்டு மொழி, சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணையே சொல்லுது. இதைவிட என்னய்யா வேணும் உங்களுக்கு?”

பொருத்தும் பிரிவில் ஒருவர் “அட!” என்றுகூடச் சொல்லிவிட்டார். பாய்லரின் நெஞ்சு நிமிர்ந்தது.

பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். “அழகா இருக்கே! அடுத்த வரியையும் படிங்க நண்பரே.”

பாய்லர் பார்த்தார். பார்த்ததும் அகராதியை மூடப்போனார். அதற்குள் ஆமாஞ்சாமி குனிந்து உரக்கப் படித்துவிட்டார். “ஆற்று: சூடு தணி. தேற்று. பொறுத்துக்கொள்.”

“கேட்டீங்களா?” என்று துள்ளினார் பயிற்சியாளர். “அவர் கொண்டு வந்த அகராதியே அவரைப் பார்த்து ஆறிக்கோங்கன்னு சொல்லுது! எல்லாரும் சேர்ந்து நண்பரை ஆத்திவிடலாமா? ஒண்ணு, ரெண்டு, மூணு!”

கம்பெனியே கன்னத்தை உப்பிக்கொண்டு பாய்லரின் முகத்தில் ‘ஃபூ’ என்று ஊதியது. தேநீர் வாசனையும் பிஸ்கட் தூளும் அவர் மேல் வந்து விழுந்தன.

“ஊதினா நெருப்பு அணையாதுய்யா, இன்னும் எரியும்! அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினார் அவர். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே தன்னை நெருப்பு என்று சொல்லிவிட்டது உறைத்தது. சிரிப்பில் கூடம் அதிர்ந்தது.

“சரி, சண்டை வேண்டாம்,” என்றார் பயிற்சியாளர், சிரிப்பு அடங்கியதும். “ஜனநாயக முறைப்படி போவோம். எர்ஜின்னா நெருப்புன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

தூக்கினார்கள். ஒரு காடே முளைத்த மாதிரி இருந்தது. பாய்லர் தன் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சேர்ந்து சாப்பிடுகிறவர், மகளின் பேச்சை முழுக்கக் கேட்டுக் கைதட்டியவர். அவருடைய கை மெல்ல மேலே போனது. பாய்லரின் பார்வை பட்டதும் பாதி வழியில் நின்று தலையைச் சொறிந்தது. பயிற்சியாளரின் பார்வை பட்டதும் மறுபடி உயர்ந்தது.

“மீட்டர் சரியா ஓடுதான்னும் இப்படியே கை தூக்கிப் பார்த்துடலாமா?” என்று பாய்லர் முழங்கினார். “எதுக்குய்யா நான் ஒவ்வொண்ணா உட்கார்ந்து கண்ணு வலிக்க வலிக்கச் சோதிக்கிறேன்? எல்லாரும் கை தூக்கி, சரியா ஓடுதுன்னு முடிவு பண்ணி அனுப்பிடலாமே!”

சொன்ன வேகத்தில் பக்கத்தில் கிடந்த மேஜையை ஓங்கி அறைந்தார். மேஜை மேலிருந்த தண்ணீர்க் குடம் சரிந்தது. தண்ணீர் முழுக்க, கீழே இருந்த மைக்செட் பெட்டிக்குள் இறங்கியது. பயிற்சியாளரின் கன்னத்து மைக், கதவிடுக்கில் சிக்கிய பூனை மாதிரி கத்திவிட்டு அடங்கியது.

“ஐயையோ, என் ஆம்ப்ளிஃபயர்!” என்று அலறிக்கொண்டு மூலையிலிருந்து ஓடிவந்தார் மைக்செட்காரர். பயிற்சியாளரோடு வேனில் ஊர் ஊராகப் போகிறவர்.

மேனேஜர் அம்மா எழுந்தே விட்டார். “என்ன சார் இது? நீங்க என்ன சின்னப் பிள்ளையா?”

பாய்லருக்கு அப்போதுதான் கொஞ்சம் கூசியது. யாரிடமும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சோதனை அறையில் மூடியைக் கழற்றி, துணியால் ஒற்றி, மீட்டர் காய வைக்கிற சூட்டுக் காற்றை அதற்குள் அடித்து, மறுபடி பாட வைத்து மைக்செட்காரரின் கையில் கொடுத்தார். மைக்செட்காரர் அவர் கையைப் பிடித்து, “பெரிய மனசு சார்,” என்றார். இன்றைய தினம் அவரிடம் ஒருவர் கேலியும் திட்டும் இல்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு நேரத்தில் கைபேசி கைக்கு வந்தது. முதல் வேலையாக எனர்ஜி என்று தேடினார். மேலே வந்து நின்றது ஒரு பானத்தின் விளம்பரம். அதில் ஒருவன் வாயிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த ஆமாஞ்சாமி, “பார்த்தியா, நெட்லயே நெருப்புதான் வருது,” என்று சொல்லிவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்லவும் போய்விட்டார். கைபேசியைச் சுவரில் அடிக்க ஓங்கிய நேரத்தில் அது ஒலித்தது. மனைவி.

“ஏங்க, என்ன ஆச்சு? ஆமாஞ்சாமி வீட்டுக்காரம்மா போன் பண்றாங்க. அங்க யாரோடயோ சண்டையாமே?”

சொன்னார். ஆதியிலிருந்து, கிரேக்கத்திலிருந்து, மூச்சு விடாமல் சொன்னார்.

மறுமுனையில் பெருமூச்சு. “நெருப்புன்னா நெருப்புன்னு சொல்லிட்டு வாங்களேன். எந்தக் கிரேக்கக்காரன் வந்து உங்க சட்டையைப் பிடிக்கப் போறான்?”

“தப்பு அது!”

“தப்புதான். நானும் ஒத்துக்கறேன். கடவுளே வந்தாலும் ஒத்துப்பாரு. ஆனா போஸ்டைக் கொடுக்கப்போறது கடவுளா, உங்க முதலாளியா?”

பாய்லர் காலால் சுவரை ஒரு உதை விட்டார்.

“தலைவர் ஆனீங்கன்னா பகல் வேலை மட்டும்தானே? கல்யாணம் ஆனதுலேர்ந்து ராத்திரி ஷிஃப்டு, ராத்திரி ஷிஃப்டுன்னு நானும் உங்க மகளும் சுவரைப் பார்த்துச் சாப்பிடறோம். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க மாட்டீங்களா எங்களுக்காக?”

அவர் இணைப்பைத் துண்டித்தார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பிற்பகலில் ஆளுக்கு ஒரு சிவப்புத் தாளும் கத்தரிக்கோலும் கொடுத்தார்கள். தீச்சுடர் வடிவத்தில் வெட்டி நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். ஆமாஞ்சாமி இரண்டு சுடர் வெட்டி இரண்டு பக்கமும் குத்திக்கொண்டார். பாய்லர் தாளை வெட்டவே இல்லை. சதுரமாக அப்படியே வைத்து, பட்டையாக ‘வேலை’ என்று எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

“இன்னும் ஆறலையா நண்பரே?” என்றார் பயிற்சியாளர்.

“செத்தாலும் ஆறாது.”

மேனேஜர் அம்மா அவரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. அதுக்காகத்தான் சொல்றேன். முதலாளி காலையிலேர்ந்து உங்களையேதான் பார்த்துட்டிருக்கார். ஒரு நாள்கூட யாரோடயும் ஒத்துப்போக முடியாதவர் எப்படி ஒரு பிரிவையே நடத்துவார்னு அவர் நினைக்க மாட்டாரா? இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க சார்.”

அவர் போன பிறகு பாய்லர் குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். கண்ணாடியில் ஒரு சிவந்த முகம் அவரை முறைத்தது. ‘நீ சொன்னது சரிதானே?’ என்று கேட்டது. ‘சரிதான்,’ என்றார். ‘அப்புறம் என்ன?’ என்றது. முகத்தைத் துடைத்தார்.

நிகழ்ச்சி முடியப்போகும் நேரத்தில் பயிற்சியாளர் அவரை மறுபடி நடுவே அழைத்தார். இந்த முறை அவர் கத்தவில்லை.

“இதுதான் கடைசி. நண்பரே, எனர்ஜிங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பாய்லர் சட்டையில் குத்தியிருந்த தாளைக் கழற்றினார். மடித்துப் பையில் போட்டார்.

“உள்ளே... நெருப்பு.”

“நிச்சயமா?”

“நிச்சயம்தான்.”

“எர்கான்னு என்னமோ சொன்னீங்களே? வேலைன்னு?”

மனிதர் விடமாட்டேன் என்கிறாரே என்று பாய்லரின் கை முஷ்டியாக மடங்கியது. சுவரைப் பார்த்துச் சாப்பிடும் இரண்டு பேரை நினைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சுடுங்க.”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஆமாஞ்சாமி தன் இரண்டு சுடரில் ஒன்றைக் கழற்றி அவர் நெஞ்சில் குத்தினார். ஊசி தோலில் ஏறியது. பாய்லர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் மட்டும் கைதட்டவில்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த சிரிப்பு அணைந்துபோய், களைத்த மனிதராகக் கடைசி வரிசையைப் பார்த்தார். முதலாளி யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே நடந்தார்.

பாய்லர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வாசலுக்கு வந்து மனைவிக்கு, ‘சொல்லிட்டேன்’ என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினார். அவமானத்தில் காது இன்னும் எரிந்தது. அகராதி, கிரேக்கம், நூலகத்தில் கிடந்த நாட்கள் எல்லாவற்றையும் தன் கையாலேயே குப்பையில் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் போகட்டும், நாளையிலிருந்து வீட்டில் மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ மெல்லத் தணிந்தது. அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கோபத்தை விழுங்கிச் செரித்திருக்கிறார்.

வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த மைக்செட்காரர் அவரைக் கண்டதும் வயரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“கடைசி நிமிஷத்துல கவுத்துட்டீங்களே சார், போற கம்பெனியில எல்லாம் வேணும்னே ஒரு தப்பைச் சொல்லி, யாரு என்ன சொன்னாலும் விடாம தப்பைத் தப்புன்னே சொல்லிக்கிட்டு நிக்கிற ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கறதுதானே எங்க சாரோட தொழிலே, இங்கேயும் தரக் கட்டுப்பாட்டுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்னுதானே உங்க முதலாளி கூப்பிட்டாரு!”